ஒரே முகம், வேறு சேஸிஸ்: பழைய பிக்கப் வண்டிகளில் எது எதற்குப் பொருந்தும்?

பழைய அமெரிக்க பிக்கப் வண்டியைப் புதுப்பிக்க இறங்குபவர்களுக்கு முதல் குழப்பம் உதிரிபாகத்தில்தான் வருகிறது. "1960 முதல் 1966 வரை பொருந்தும்" என்று சொல்லி விற்ற பாகம் வந்து சேர்கிறது. வண்டிக்கு அடியில் பிடித்துப் பார்த்தால் துளைகள் ஒத்துவரவில்லை. விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று தோன்றும். பெரும்பாலும் அவர் பொய் சொல்லியிருக்க மாட்டார். அவர் சொன்ன ஆண்டுக் கணக்கு மேலே இருக்கும் பாடிக்கு உரியது. வாங்கிய பாகமோ கீழே இருக்கும் சேஸிஸில் பூட்ட வேண்டியது. பாடியை மாற்றிய ஆண்டும் சேஸிஸை மாற்றிய ஆண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்த நிறுவனமும் கட்டாயம் வைத்துக்கொள்ளவில்லை. இந்த இரண்டு கணக்குகளையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

சேஸிஸில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பிக்கப்பின் சேஸிஸ் ஏணி அமைப்பு கொண்டது. நீளவாக்கில் இரண்டு எஃகுச் சட்டங்கள். அவற்றை இணைத்துப் பிடிக்கச் சில குறுக்குச் சட்டங்கள். நீளச் சட்டத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், பக்கவாட்டில் சாய்த்து வைத்த 'ப' எழுத்துப்போல ஒரு பக்கம் திறந்திருக்கும். பழைய பிக்கப்களில் இந்தச் சட்டங்களைப் பெரும்பாலும் ரிவெட் அடித்தே இணைத்தார்கள். வண்டி மேடுபள்ளத்தில் ஏறும்போது சேஸிஸ் சற்று முறுகிக்கொடுக்க வேண்டும் என்பதும் அந்த வடிவமைப்பின் ஒரு பகுதி. கேபின், பின்பெட்டி, எஞ்சின், கியர் பாக்ஸ், ஸ்டீயரிங் பாக்ஸ், ஸ்பிரிங் எல்லாவற்றுக்கும் இருப்பிடம் இதுதான்.

ஒரு சேஸிஸை இன்னொன்றோடு ஒப்பிட ஐந்து அளவுகள் தேவை.

1. வீல்பேஸ்: முன் அச்சின் நடுவிலிருந்து பின் அச்சின் நடுவரை உள்ள தூரம்.
2. டிராக்: ஒரே அச்சில் இடது டயரின் நடுவிலிருந்து வலது டயரின் நடுவரை உள்ள அகலம்.
3. நீளச் சட்டங்களுக்கு இடையிலான அகலம். இது முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றாகவே இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது.
4. ஏற்ற இறக்கம்: பின் அச்சுக்கு மேலே சட்டம் எவ்வளவு உயர்ந்து வளைகிறது, கேபினுக்கு அடியில் எவ்வளவு தாழ்கிறது என்பது.
5. மவுண்டுகள்: கேபின், பெட்டி, எஞ்சின், ரேடியேட்டர் ஆகியவை உட்காரும் இடங்கள்.

பலர் முதல் அளவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வீல்பேஸ் ஒத்துப்போனால் சேஸிஸும் ஒத்துப்போகும் என்ற நம்பிக்கைதான் இந்தத் துறையில் அதிகம் செலவு வைப்பது. அது எவ்வளவு தவறு என்பதற்கு மூன்று வண்டிகளைப் பார்க்கலாம்.

ஆண்டுக் கணக்கு ஏமாற்றும் மூன்று இடங்கள்

முதலாவது, 1960–66 செவ்ரோலெட். ஏழு ஆண்டுகளையும் ஒரே தலைமுறை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். குட்டைப் பெட்டி வண்டிக்கு 115 அங்குல வீல்பேஸ், நீளப் பெட்டிக்கு 127 அங்குலம். தொடக்கம் முதல் முடிவு வரை இதில் மாற்றமில்லை. ஆனால் 1960–62 வண்டிகளின் முன்பக்கத்தைத் தாங்குவது முறுகிச் செயல்படும் நீண்ட எஃகுக் கம்பி, அதாவது டார்ஷன் பார். 1963-இல் சேஸிஸையே புதிதாக வடிவமைத்து, முன்பக்கம் சுருள் ஸ்பிரிங்குக்கு மாறினார்கள். கேபின் மாறியது அதற்கு அடுத்த ஆண்டு: பக்கவாட்டில் வளைந்து சுற்றிக்கொள்ளும் முன் கண்ணாடி 1963-ஓடு முடிந்தது; 1964-இல் கண்ணாடித் தூண்களின் சாய்வு மாறியது, அதனோடு கதவும் மாறியது.

ஆக, 1963 வண்டி நடுவில் நிற்கிறது. கதவு வேண்டுமென்றால் அதற்கு 1960–63 வண்டியைத் தேட வேண்டும். முன் சஸ்பென்ஷன் பாகம் வேண்டுமென்றால் 1963 முதல் வந்த வண்டிகளில் தேட வேண்டும். ஒரே வண்டிக்கு இரண்டு ஆண்டுக் கணக்கு. விளம்பரத்தில் "1960–66" என்று மொத்தமாக எழுதுவது இந்தப் பிளவை மூடி மறைத்துவிடுகிறது.

இரண்டாவது, 1961–66 ஃபோர்டு எஃப்-100. 1964 மாடலையும் 1965 மாடலையும் அருகருகே நிறுத்தினால் கேபினில் பெரிய வேறுபாடு தெரியாது. அடியில் குனிந்து பார்த்தால் இரண்டுக்கும் உறவே இல்லை. 1964 வரை முன்பக்கம் ஒரே துண்டான நேர் அச்சும், வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கிய பட்டை ஸ்பிரிங்கும். 1965-இல் வந்தது 'ட்வின் ஐ-பீம்' என்று ஃபோர்டு பெயரிட்ட அமைப்பு: இரண்டு தனி அச்சுக் கைகள், ஒவ்வொன்றும் எதிர்ப்பக்கச் சட்டத்தில் கீல் போட்டு, சுருள் ஸ்பிரிங்கில் தொங்குகின்றன, அவற்றை முன்பின் நகராமல் பிடிக்க நீண்ட கைகள் சட்டத்தில் பின்னோக்கிப் போய்ப் பொருந்துகின்றன. இந்தப் பிடிமானங்கள் எதுவும் 1964 சேஸிஸில் இல்லை. வீல்பேஸும் 114, 122 அங்குலங்களிலிருந்து 115, 129 அங்குலங்களுக்கு மாறியது. இன்னொரு பக்கம், 1965-இல் வந்த அடிப்படை அமைப்பு, பாடி இரண்டு முறை முழுதாக மாறிய பின்னும், 1979 வரை தொடர்ந்தது. அதனால்தான் 1965 எஃப்-100-க்கு முன்பக்க டிஸ்க் பிரேக் போட விரும்புபவர்கள் 1964 வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் 1970-களின் வண்டிகளைத் தேடுகிறார்கள். முகச்சாயல் உறவைக் காட்டாது.

மூன்றாவதுதான் மிக நுணுக்கமானது: 1967–72 செவ்ரோலெட்டும் ஜிஎம்சியும். தாய் நிறுவனம் ஒன்று, கேபின் ஒன்று, வீல்பேஸ் ஒன்று. ஆனால் இரு சக்கர ஓட்டம் கொண்ட அரை டன் (சுமை தாங்கும் திறனை வைத்துச் சொல்லும் வகைப் பெயர்) செவ்ரோலெட்டில் பின்பக்கம் சுருள் ஸ்பிரிங் வழக்கமாக வந்தது. ஜிஎம்சியில் பட்டை ஸ்பிரிங் வழக்கமாக வந்தது. விருப்பத் தேர்வாக மாற்றி வாங்கியவர்களும் உண்டு, ஆகவே பெயர்ப் பலகையை மட்டும் நம்ப முடியாது. வண்டிக்கு அடியில் படுத்து, பின் அச்சிலிருந்து முன்னோக்கிக் கையை நகர்த்திக்கொண்டே போனால் வேறுபாடு தெரியும். சுருள் ஸ்பிரிங் வண்டியில் அச்சின் இரு பக்கத்திலிருந்தும் இரண்டு நீண்ட கைகள் முன்னோக்கி வந்து, கேபினுக்கு அடியில் ஒரு கனமான குறுக்குச் சட்டத்தில் கீல் போட்டிருக்கும். அச்சு பக்கவாட்டில் நகராமல் ஒரு குறுக்குக் கம்பி பிடித்திருக்கும். பட்டை ஸ்பிரிங் வண்டியில் அந்தக் கைகளும் இல்லை, அவற்றுக்கான குறுக்குச் சட்டமும் இல்லை; பட்டையின் இரு முனைகளைப் பிடிக்கும் பிராக்கெட்டுகள் நீளச் சட்டத்தில் ரிவெட் செய்யப்பட்டிருக்கும். பின் அச்சு ஹவுசிங்கில் வெல்டிங் செய்திருக்கும் இருக்கைகளும் வேறு. ஒன்றின் பின் அச்சை எடுத்து மற்றொன்றில் அப்படியே பூட்ட முடியாது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அதே இரண்டு வண்டிகளின் கதவுகளைத் தாராளமாக மாற்றிப் போடலாம்.

பொருந்துதல் என்பதில் மூன்று நிலைகள்

"பொருந்தும்" என்ற ஒரே சொல்லை மூன்று பொருளில் பயன்படுத்துகிறார்கள். கேட்கும்போதே எந்தப் பொருளில் என்று தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

1. நேரடியாகப் பொருந்துவது. போல்ட்டைக் கழற்றி, புதியதை வைத்து, அதே போல்ட்டை முடுக்கினால் வேலை முடியும். ஒரே கேபின் தலைமுறைக்குள் கதவு, கைப்பிடி, கண்ணாடி ஆகியவை இந்த வகை.

2. தொகுப்பாக மட்டும் பொருந்துவது. பாகத்தைத் தனியாக எடுத்தால் உதவாது. அதோடு தொடர்புள்ள எல்லாவற்றையும் சேர்த்து எடுத்தால் சரியாக உட்காரும்.

3. வேலை செய்தால் பொருந்துவது. துளை போட வேண்டும், பிராக்கெட் செய்ய வேண்டும், வெல்டிங் செய்ய வேண்டும். இதைப் பொருந்துவது என்று சொல்வதே சரியல்ல. இது தயாரிப்பு வேலை.

இரண்டாவது நிலைக்கு நல்ல எடுத்துக்காட்டு, செவ்ரோலெட்டின் டிஸ்க் பிரேக். 1971-இல் அரை டன் வண்டிகளுக்கு முன்பக்க டிஸ்க் பிரேக் வழக்கமானது. 1967–70 வண்டிக்கு அதைக் கொண்டுவர ஸ்பிண்டில் (முன்சக்கரம் சுழலும் தண்டு), டிஸ்க், கேலிப்பர், பிரேக் குழாய், மாஸ்டர் சிலிண்டர், முன்பின் அழுத்தத்தைப் பங்கிடும் வால்வு ஆகியவற்றை ஒரே தொகுப்பாக எடுக்க வேண்டும். டிரம் பிரேக்குக்கு வடிவமைத்த மாஸ்டர் சிலிண்டரை அப்படியே விட்டு டிஸ்க்கை மட்டும் பூட்டினால் பிரேக் சரியான அளவில் பிடிக்காது. தொகுப்பு அங்கேயும் முடிவதில்லை. 1970 வரை அந்த வண்டிகளுக்குச் சக்கரத்தில் ஆறு போல்ட். 1971 முதல் ஐந்து. முன்பக்கம் ஐந்து, பின்பக்கம் ஆறு என்று ஆகிவிட்டால் ஒரே ஸ்டெப்னி நான்கு சக்கரங்களுக்கும் உதவாது. அப்போது பின் அச்சையும் மாற்ற வேண்டும், அல்லது ஆறு துளை கொண்ட டிஸ்க்கைத் தேடி வாங்க வேண்டும். முன்பக்கக் குறுக்குச் சட்டத்தையே சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் கைகளோடு முழுதாகக் கழற்றி மாற்றுபவர்களும் உண்டு. 1963–72 சேஸிஸ்களுக்குள் இது ஓரளவு எளிதாக நடக்கிறது, அளவுகள் ஒரு பரம்பரையில் வந்தவை என்பதால். ஆனால் அதே சேஸிஸ்களில் கேபின் மவுண்டுகள் 1966-க்கும் 1967-க்கும் இடையில் மாறிவிட்டன.

பழைய வண்டிகளில் ஒளிந்திருக்கும் சங்கிலி

1947-இல் வந்த செவ்ரோலெட் 'அட்வான்ஸ் டிசைன்' பிக்கப்பைப் புதுப்பிப்பவர்கள் பலர் முதலில் கேட்பது, "கியர் பாக்ஸை மட்டும் மாற்றலாமா?" என்பதுதான். 116 அங்குல வீல்பேஸ் கொண்ட 3100 அரை டன் வண்டியில் 1954 வரை புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஒரு மூடிய குழாய்க்குள் சுழன்றது. அந்தக் குழாய் வெறும் உறை அல்ல. பின் அச்சு வண்டியை முன்னுக்குத் தள்ளும் விசை அந்தக் குழாய் வழியாகக் கியர் பாக்ஸின் பின்புறத்துக்கு வந்து, அங்கிருந்து சேஸிஸுக்குப் போகிறது. ஷாஃப்ட் திறந்த நிலையில் இருக்கும் வண்டிகளிலோ அந்த வேலையைப் பட்டை ஸ்பிரிங் செய்கிறது. ஆகவே கியர் பாக்ஸை மாற்றினால் ஷாஃப்ட் மாற வேண்டும். ஷாஃப்ட் மாறினால் பின் அச்சு மாற வேண்டும். அச்சு மாறினால் அதன் விசையைத் தாங்க ஸ்பிரிங்கும் அதன் பிடிமானங்களும் தயாராக இருக்க வேண்டும். 1955-இன் தொடக்கத்தில், பழைய உருவத்திலேயே விற்ற கடைசி வண்டிகளில் திறந்த ஷாஃப்ட் வந்துவிட்டது. அதே ஆண்டு மார்ச்சில் முற்றிலும் புதிய 'டாஸ்க் ஃபோர்ஸ்' வரிசை வந்தது. "1955 செவ்ரோலெட்" என்று மட்டும் சொல்லிப் பாகம் கேட்டால், ஒன்றோடொன்று சேராத இரண்டு வண்டிகளில் எது என்று கடைக்காரர் திரும்பக் கேட்பார். கேட்காவிட்டால் நாம் சொல்லிவிட வேண்டும்.

எஞ்சினிலும் இதே கதை. 1955-இல் வந்த செவ்ரோலெட் சிறிய வி-8 எஞ்சினைப் பல பத்தாண்டுகள் வெளியிட்டதால், எதை வேண்டுமானாலும் எதில் வேண்டுமானாலும் வைக்கலாம் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. தொடக்க கால எஞ்சின் பிளாக்கில் பக்கவாட்டு மவுண்டுகளுக்கான துளைகள் கிடையாது. முன்புறத்திலும், எஞ்சினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் கூடான பெல் ஹவுசிங்கிலும்தான் எஞ்சின் தாங்கப்பட்டது. 1958 முதல் பக்கவாட்டு மவுண்டு வந்தது. பழைய சேஸிஸில் பிற்கால எஞ்சினையும் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸையும் வைக்கும்போது, பெல் ஹவுசிங் தாங்கியிருந்த எடையைத் தாங்கப் புதிய குறுக்குச் சட்டம் வேண்டும். எஞ்சின் பொருந்துகிறதா என்ற கேள்வி இங்கே சேஸிஸுக்கான கேள்வியாகிவிடுகிறது.

நீளப் பெட்டியைக் குட்டையாக்குவது

குட்டைப் பெட்டி வண்டிகளுக்குத் தேவை அதிகம். நீளப் பெட்டி வண்டிகள் எளிதில் கிடைக்கின்றன. அதனால் நீளச் சேஸிஸை வெட்டிக் குட்டையாக்கும் வேலை பெருகியிருக்கிறது. 1973–87 செவ்ரோலெட்டில் வீல்பேஸ் 131.5 அங்குலமும் 117.5 அங்குலமும், வேறுபாடு 14 அங்குலம். பெட்டியின் நீள வேறுபாடு இதைவிட அதிகம். ஆகவே அச்சுக்கு முன்னால் 14 அங்குலம் எடுத்த பிறகும், பின் அச்சுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் குறைக்க வேண்டியிருக்கும். ஒரே இடத்தில் வெட்டி முடித்தால் சக்கரம் பெட்டியின் வளைவுக்கு நடுவில் நிற்காது.

வெட்டும் இடம் முக்கியம். நேர்ச்சட்டமாக, துளைகள் குறைவாக உள்ள பகுதியில், நேர்க்கோட்டில் அல்லாமல் படிப்படியாகவோ சாய்வாகவோ வெட்டி இணைப்பதே நல்ல முறை; ஒரே செங்குத்துக் கோட்டில் முழு இணைப்பும் விழுந்தால் வளைவு விசை அனைத்தும் அந்தக் கோட்டில் குவியும். மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் குறுக்காக வெல்டிங் ஓடவிடுவதைத் தவிர்க்க வேண்டும், ஏனென்றால் சட்டம் வளையும்போது அதிகம் இழுபடுவது அந்த விளிம்புகள்தான். நல்ல குட்டைச் சேஸிஸ் ஒன்று கிடைக்குமென்றால், வெட்டுவதைவிட அதை வாங்குவதே மேல் என்பது என் உறுதியான கருத்து.

அரை டன், முக்கால் டன் வேறுபாட்டையும் இங்கே சொல்லிவிட வேண்டும். முக்கால் டன் வண்டியின் அச்சு, ஹப், பிரேக், பல இடங்களில் சட்டமும் கனமானவை. நான்கு சக்கர ஓட்டம் கொண்ட 1967–72 செவ்ரோலெட்டில் முன்பக்கமும் பட்டை ஸ்பிரிங்தான். சுருள் ஸ்பிரிங்குக்கான குறுக்குச் சட்டமே அதில் கிடையாது, முன், பின் அச்சுகளுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குத் தனி இடம் உண்டு. இரு சக்கர வண்டியை நான்கு சக்கர வண்டியாக்க நினைப்பவர், உரிய சேஸிஸை முழுதாகத் தேடுவதே நேர வழி.

நவீன சேஸிஸ் மேல் பழைய பாடி

பழைய கேபினைப் பிற்கால வண்டியின் சேஸிஸ் மேல் ஏற்றும் வழக்கமும் பெருகியிருக்கிறது. அட்வான்ஸ் டிசைன் பாடிக்குப் பலர் தேர்ந்தெடுப்பது செவ்ரோலெட் எஸ்-10 பிக்கப்பின் சேஸிஸ். நீளப் பெட்டி எஸ்-10-இன் வீல்பேஸ் 117.9 அங்குலம், பழைய 3100-க்கு 116 அங்குலம். இரண்டு அங்குலம்கூட இல்லாத வேறுபாடு என்பதால் வேலை எளிது என்று தோன்றும். முன்பு சொன்ன ஐந்து அளவுகளில் முதல் அளவு மட்டுமே இது. சட்டங்களின் அகலம், ஏற்ற இறக்கம், மவுண்டுகள் எல்லாம் வேறு. கேபின் மவுண்டு, பெட்டி மவுண்டு, ரேடியேட்டர் தாங்கி, கால்படிப் பிராக்கெட், பம்பர் பிராக்கெட், ஸ்டீயரிங் தண்டு, பெட்ரோல் டாங்க் இருப்பிடம் எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டும். டிராக் குறுகலாக இருப்பதால் சக்கரங்கள் மட்கார்டுக்குள் ஒடுங்கி நிற்கும்.

ஃபோர்டு எஃப்-100 காரர்கள் நாடுவது 2003–2011 கிரவுன் விக்டோரியா காரின் முன்பக்கத் தொகுப்பு. அலுமினிய அடித்தளத்தோடு மொத்தமாகக் கழன்று வருகிறது. இதில் சிக்கல் எதிர்த்திசையில்: டிராக் அகலம், ஆகவே சக்கரத் தேர்வில் கவனம் வேண்டும். எப்படியிருந்தாலும், இத்தகைய வண்டி ஓட்டுவதற்கு இதமாக இருக்கும். புதுப்பித்த பழைய வண்டி என்ற மதிப்பு போய்விடும். இரண்டில் எது வேண்டும் என்பதை வெட்டுவதற்கு முன் முடிவு செய்ய வேண்டும், ஏனென்றால் பழைய சேஸிஸைத் தூக்கி எறிந்த பிறகு திரும்பும் வழி இல்லை.

இருப்பதைக் காப்பாற்றலாமா?

பெரும்பாலான சேஸிஸ்கள் காப்பாற்றக்கூடியவையே. பார்க்க வேண்டிய இடங்கள் சில. மண்ணும் நீரும் தங்கும் குறுக்குச் சட்ட இணைப்புகள், ரிவெட் செய்த இரு தகடுகளுக்கு இடைவெளி, பின் அச்சு வளைவு. இரண்டு தகடுகளுக்கு நடுவே துரு வளர்ந்தால் அது தகடுகளை விலக்கித் தள்ளும்; வெளியே வண்ணம் நன்றாக இருக்கும்போதே ரிவெட் தலைகள் இழுபட்டிருப்பதைக் காணலாம்.

1973–87 செவ்ரோலெட்டில், குறிப்பாகப் பெரிய டயர் போட்ட நான்கு சக்கர வண்டிகளில், ஸ்டீயரிங் பாக்ஸ் பூட்டியிருக்கும் இடத்தில் சட்டம் விரிசல் விடுவது அறியப்பட்ட குறை. கம்பித் தூரிகையால் அந்த இடத்தை வெறும் எஃகு தெரியும்வரை தேய்த்து, ஒருவரை நின்ற நிலையில் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் திருப்பச் சொல்லிப் பார்த்தால், மெல்லிய கோடு ஒன்று திறந்து மூடுவது கண்ணுக்கே தெரியும். விரிசலின் இரு முனைகளிலும் சிறு துளையிட்டு, வெல்டிங் செய்து, மேலே வலுவூட்டும் தகடு பூட்டுவதுதான் வழக்கமான தீர்வு.

வலுவூட்டுவதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. திறந்த சட்டத்தின் வாயைத் தகட்டால் முழுதாக மூடிவிட்டால் முறுக்கம் குறையும், உண்மை. ஆனால் அந்த முறுக்க விசை எங்கும் மறைந்துபோவதில்லை. மூடிய பகுதி முடிந்து திறந்த பகுதி தொடங்கும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. உள்ளே நீர் தங்கினால் வெளியேற வழியும் வேண்டும்.

சேஸிஸ் எண்ணும் ஆவணமும்

அமெரிக்காவில் 17 இலக்க வண்டி அடையாள எண் 1981 மாடல்களிலிருந்துதான் ஒரே சீராக வந்தது. அதற்கு முந்தைய வண்டிகளில் எண் கதவுத் தூணில் தகடாக இருக்கலாம், சட்டத்தில் குத்தியும் இருக்கலாம். சில மாநிலங்களில் மிகப் பழைய வண்டிகளை எஞ்சின் எண்ணை வைத்தே பதிவு செய்தார்கள்; எஞ்சின் எப்போதோ மாறிவிட்டிருந்தால் ஆவணமும் வண்டியும் ஒத்துப்போகாது. அடையாள எண்ணை அகற்றுவதும் மாற்றுவதும் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். தகட்டைக் கழற்றி இன்னொரு கேபினில் அடிப்பது சிறு வேலைபோலத் தெரிந்தாலும் அதில் கைவைக்கக் கூடாது. சேஸிஸை மாற்றினால் பதிவு எந்த எண்ணில் தொடரும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். வேலை தொடங்கும் முன்பே மாநில வாகனப் பதிவு அலுவலகத்தில் கேட்டு, இரண்டு வண்டிகளின் உரிமை ஆவணங்களையும் கையில் வைத்திருக்க வேண்டும்.

பாகம் வாங்கும் முன் செய்ய வேண்டியவை

1. பாகம் பாடியில் பூட்டுவதா, சேஸிஸில் பூட்டுவதா, இரண்டையும் இணைப்பதா என்று முதலில் பிரிக்கவும். ஸ்டீயரிங் தண்டு, பெடல் தொகுதி, ரேடியேட்டர் தாங்கி ஆகியவை மூன்றாவது வகை. அவற்றுக்குப் பாடியின் ஆண்டும் சேஸிஸின் ஆண்டும் இரண்டும் பொருந்த வேண்டும்.

2. வண்டியின் உண்மையான சேஸிஸை அடையாளம் காணவும். பல கைகள் மாறிய வண்டியில் முன்னரே யாராவது மாற்றியிருக்கலாம். வீல்பேஸ், ஸ்பிரிங் வகை, சக்கர போல்ட் எண்ணிக்கை மூன்றையும் பார்த்தால் பெரும்பாலும் புரிந்துவிடும்.

3. மூலைவிட்ட அளவு எடுக்கவும். சட்டத்தின் இடது முன் புள்ளியிலிருந்து வலது பின் புள்ளிவரை ஒன்று, அதற்கு எதிர்மாறாக ஒன்று. இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் சேஸிஸ் கோணலாகியிருக்கிறது. அதற்குப் பிறகு எந்தப் பாகமும் சரியாகப் பொருந்தாததற்குப் பாகத்தைக் குறை சொல்ல முடியாது.

4. பாக எண்ணையும் வார்ப்பு எண்ணையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். வார்ப்பில் தெரியும் எண் அந்த வார்ப்புக்கு உரியது. ஒரே வார்ப்பை வெவ்வேறாகக் கடைந்து வெவ்வேறு பாகமாக விற்றிருக்கலாம். பழைய வண்டிகளை உடைத்து விற்பவர்கள் பயன்படுத்தும் ஹாலண்டர் பரிமாற்றக் கையேடு, ஒன்றுக்கொன்று பொருந்தும் பாகங்களுக்கு ஒரே எண் தருகிறது. ஆண்டுக் கணக்கைவிட அது நம்பகமானது.

5. தொகுப்பாக எடுக்க வேண்டியதைப் பாகம் எடுக்கும் வண்டியிலிருந்து முழுதாகவே எடுக்கவும்: பிராக்கெட், புஷ், சிறப்பு போல்ட், பிரேக் குழாய் முனை உட்பட. அந்த வண்டி உங்களிடம் இருந்தால், உங்கள் வண்டி சாலையில் ஓடி, பிரேக்கும் ஸ்டீயரிங்கும் சோதித்து முடியும்வரை அதை அப்புறப்படுத்த வேண்டாம்.